ராணுவத்தில் சேர்ந்தவர்களே, உங்கள் சொந்தக் காரணம் என்ன?

விடியல்தேடி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இருபது வயசு ஆகப்போகுது. ராணுவத்துல சேர விண்ணப்பம் போட்டாச்சு. எழுத்துத் தேர்வும் ஓட்டமும் முடிஞ்சுது, மெடிக்கல் மட்டும் பாக்கி. அம்மாவுக்கு இதுல துளியும் விருப்பமில்லை. நாட்டுக்காகன்னு சொன்னா, "அதை வேற வழியில செய்ய முடியாதா?"ன்னு கேக்குறாங்க. நிலையான வேலைன்னு சொன்னா, "வேற வேலையே கிடைக்காதா?"ங்கறாங்க. ரெண்டும் நியாயமான கேள்வியாத்தான் எனக்கும் படுது.

மனசுல இருக்கறது இன்னும் குழப்பமானது. படிப்பு முடிஞ்சதும் கூட இருந்தவங்க ஆளுக்கொரு திசையில போயிட்டாங்க. நான் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கறேன். ஒரு பிடிமானம் வேணும், என்னை யாராவது ஒரு ஒழுங்குக்குள்ள கொண்டுவரணும்னு தோணுது. இதெல்லாம் ஒரு காரணமா?

சேர்ந்தவங்க, பாதியில வெளியே வந்தவங்க, சேரலாம்னு போய்ச் சேராம திரும்பினவங்க, வீட்டுல காத்திருக்கறவங்க எல்லாரும் சொல்லுங்க. மேடையில சொல்ற காரணம் எனக்கு வேண்டாம். உள்ளுக்குள்ள இருந்தது எதுவோ அதைச் சொல்லுங்க.

பழைய பூட்ஸ்:

தம்பி, நான் காலாட்படையில இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளத்துக்காகத்தான் சேர்ந்தேன். அப்பா படுத்த படுக்கையா இருந்தார். எனக்குக் கீழ ரெண்டு பேர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. மாசம் தவறாம பணம் வரணும், என் சாப்பாட்டுச் செலவும் தங்கற செலவும் வீட்டு மேல விழக்கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து வழி இருந்தது இங்கதான். ஆள் எடுப்பு வரிசையில எனக்கு முன்னாடி பின்னாடி நின்னவங்ககிட்டப் பேச்சுக் கொடுத்தேன். பாதிப்பேர் கதை என் கதைதான்.

இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. சம்பளத்துக்கு வந்தவன் ஆபத்துன்னா நிக்க மாட்டான்னு பேசறவங்க, அவனோட ஒரு ராத்திரி காவல் நின்னு பார்த்தவங்க இல்லை.

சேர்ந்த அன்னிக்கு நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு படிவம் கொடுத்தாங்க. உனக்கு ஏதாவது ஆனா யாருக்குத் தகவல் சொல்லணும்னு அதுல ஒரு கட்டம். பக்கத்துல உட்கார்ந்திருந்த பையன் மத்ததையெல்லாம் நிரப்பிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் காலியா விட்டுட்டான். எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். அவன் பேனா மூடியைக் கழட்டறதும் மாட்டறதுமா கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் பள்ளிக்கூடத்துல தனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் பேரை எழுதினான். உறவுமுறைங்கற இடத்துல "சார்"னு போட்டான். எழுத்தர் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு முத்திரை குத்திட்டார்.

அவன் ஏன் வந்தான்னு நான் கேட்டதே இல்லை. பின்னாடி எங்க யூனிட்ல எல்லாருக்கும் பிடிச்ச ஆளு அவன்தான். பிடிமானம் வேணும்னு சொன்னியே, அது நல்ல காரணம்தான். ஆனா அதோட நிறுத்திடாதே. இனி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாரு, நான் மறுபடி வரேன்.

இயந்திர அறை:

எனக்கு எஞ்சின் பிடிக்கும். என் காரணம் அவ்வளவுதான். கல்லூரியில சேர வசதி இல்லை, மார்க்கும் போதலை. கடற்படையில டீசல் மெக்கானிக் பயிற்சி தர்றாங்கன்னு கேள்விப்பட்டு விண்ணப்பிச்சேன். அதுக்கு முன்னாடி நான் கடலைப் பார்த்ததுகூட இல்லை.

கப்பலோட அடித்தளத்துல, காதை மூடாம நிக்க முடியாத சத்தத்துல வேலை. மணிக்கொரு தரம் டார்ச்சும் லாக் புத்தகமுமா சுத்தி வரணும். எண்ணெய் அழுத்தம், கூலிங் தண்ணியோட சூடு, ஒவ்வொரு சிலிண்டர்லயும் வெளியேறுற புகையோட சூடு எல்லாத்தையும் குறிக்கணும். மத்த சிலிண்டரெல்லாம் ஒரே அளவுல இருக்கும்போது ஒண்ணு மட்டும் ஏறிக்கிட்டே போச்சுன்னா முதல்ல எரிபொருளைத் தெளிக்கற இன்ஜெக்டரைச் சந்தேகப்படணும். என் சீனியர் மீட்டரைப் பார்க்கவே மாட்டார். தரைத்தகட்டுல காலை வச்சு நின்னபடியே "மூணாவதைப் பாரு"ன்னுவார். சரியா இருக்கும். அந்த அதிர்வு எனக்கும் பிடிபட ஆரம்பிச்சப்ப, எதுக்கு வந்தேனோ அது கைக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. அந்தச் சந்தோஷத்துக்கு எந்தப் பதக்கமும் ஈடில்லை.

தொழில் கத்துக்கணும்னு வர்றவங்க ரெண்டு விஷயம் கேட்டுக்கணும். கேக்கற தொழிலை எழுத்துல தருவாங்களா? சில நாட்டுப் படைகள்ல கையெழுத்துக்கு முன்னாடியே பிரிவு முடிவாகிடும். வேற சில இடங்கள்ல அடிப்படைப் பயிற்சி முடிஞ்சப்புறம், உன் மார்க்கையும் அவங்க தேவையையும் பார்த்துத்தான் பிரிப்பாங்க. ரெண்டாவது, வெளியே வந்தா அந்தச் சான்றிதழ் செல்லுமா? எங்க விஷயத்தையே எடுத்துக்கங்க. வணிகக் கப்பல்ல வேலை பார்க்க 1978-ல வந்த எஸ்.டி.சி.டபிள்யூங்கற, கப்பல் பணியாளர்களோட பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச உடன்படிக்கைப்படி தனித் தகுதிச் சான்று வேணும். அந்த உடன்படிக்கை போர்க்கப்பலுக்குப் பொருந்தாது. அதனால கடற்படையில பார்த்த வேலை தானாகவே அதுக்கு ஈடாகிடாது, தேர்வு எழுதித்தான் ஆகணும். இது தெரியாம வெளியே வந்து திகைச்சு நின்ன நல்ல தொழிலாளிகள் நிறைய.

எதிர்க்காற்று:

// பாதிப்பேர் கதை என் கதைதான் //

ஐயா, நீங்க சொன்னதை மதிக்கிறேன். நான் சொல்ல வர்றதும் அதுதான். வேலையில்லாத் திண்டாட்டம் கூடும்போதெல்லாம் ஆள் எடுப்பு சுலபமாகுது. வேலை நிறையக் கிடைக்கிற காலத்துல படைகள் ஆளுக்குத் தவிக்குது. இது பல நாடுகள்ல பார்த்த விஷயம். அப்படின்னா இதைத் தனிமனித விருப்பம்னு எப்படிச் சொல்றது? வேற கதவெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கற ஒரே கதவு வழியா போறவனைப் பார்த்து "நீயா விரும்பித்தானே போன"ன்னு சொல்றது சரியா? சேர்றவங்க மேல எனக்குக் கோபமில்லை. அவங்களுக்கு வேற வழி வைக்காதவங்க மேலதான் கோபம்.

வரலாற்றுப்பித்தன்:

எதிர்க்காற்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அல்ல. அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை 1973-ல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு சேர்கிறவர்கள் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தால், நடுத்தர வருமானப் பகுதிகள்தான் அதிகம். மிகவும் வசதியான பகுதியிலிருந்து வருகிறவர்களும் குறைவு, மிகவும் ஏழ்மையான பகுதியிலிருந்து வருகிறவர்களும் குறைவு. பள்ளிப் படிப்பு, எழுத்துத் தேர்வு, உடல்நலம், குற்றப் பதிவு என்று நாலைந்து சல்லடை இருப்பதால், நிஜமான வறுமையில் இருப்பவர்களில் பலர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். குடும்பத்தில் யாராவது படையில் இருந்தாரா என்பதும் அங்கே வருமானத்துக்குக் குறையாத ஒரு காரணம்.

நண்பர்களைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல் பிரிட்டனில் போர் அமைச்சர் கிச்சனர் புதிய படைக்கு ஆள் கேட்டபோது, ஒரே ஊர், ஒரே அலுவலகம், ஒரே ஆலையைச் சேர்ந்தவர்கள் சேர்ந்தே பெயர் கொடுத்தால் ஒரே படைப்பிரிவில் வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்குப் 'பால்ஸ்', அதாவது தோழர்கள் பட்டாளம் என்றே பெயர். தனியாக வரத் துணியாதவனைத் தோழன் இழுத்து வந்தான். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் சண்டையின் முதல் நாளில், அக்ரிங்டன் ஊர்ப் பட்டாளத்தில் சுமார் 700 பேர் முன்னேறினார்கள். அவர்களில் 580-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு துக்கத்துக்கு அடையாளமாகத் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டது. சேர்ந்து போவதற்கு இருந்த அதே காரணம் ஊரையே ஒரே நாளில் காலி செய்தது.

ஆனாலும் நட்பு எளிதான காரணம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களிடம் சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையில் ஒரு குழு பெரிய அளவில் கேள்வி கேட்டுப் பதிவு செய்தது. 1949-ல் அது வெளியானது. சண்டையில் உன்னைத் தொடர்ந்து நிற்க வைத்தது எது என்ற கேள்விக்கு, இந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் முதல் பதில். கூட இருப்பவனைக் கைவிடக் கூடாது என்பது அடுத்தது. கொள்கை, லட்சியம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. சேரும்போது இருக்கும் காரணம் வேறு, நின்று தாக்குப்பிடிக்க வைக்கும் காரணம் வேறு.

மூன்றாம் தலைமுறை:

குடும்பம்னு சொன்னதால எழுதறேன். தாத்தா, அப்பா, அடுத்து நான். எங்க வீட்டுல நீ என்னவாகப் போறேன்னு என்கிட்ட யாரும் கேட்டதில்லை, எந்தப் பிரிவுன்னுதான் கேட்டாங்க. அது கட்டாயம்னும் எனக்குத் தோணலை. அப்பா லீவுல வரும்போது அந்தப் பெட்டியிலிருந்து வர்ற பாலிஷ் வாசனை, அவர் நடை, ஊர்ல அவருக்குக் கிடைக்கற மரியாதை. எல்லாம் சேர்ந்து சின்ன வயசுலயே உள்ளே போயிடுச்சு.

சேர்ந்து சில வருஷம் கழிச்சு அப்பாகிட்ட "நீங்க எதுக்குச் சேர்ந்தீங்க?"ன்னு கேட்டேன். "உங்க தாத்தா முகத்துல ஒரு தடவையாவது திருப்தியைப் பார்க்கணும்னு"ன்னார். பார்த்தீங்களான்னு கேட்டேன். பதில் சொல்லலை. தம்பி, அப்பாவோட மதிப்பை வாங்கறதுக்குன்னு ஒரு வேலையில சேர்ந்தா, அந்த மதிப்பைக் கொடுக்க வேண்டியது ராணுவம் இல்லை, அப்பா. அவர் கொடுக்கலைன்னா எத்தனை பட்டை தோள்ல ஏறினாலும் அந்த இடம் காலியாத்தான் இருக்கும். எனக்கு இந்த வேலை பிடிச்சுப்போச்சு, அதனால நான் தப்பிச்சேன். பிடிக்காமப் போன என் உறவுக்காரப் பையன் ஒருத்தன் இன்னும் யாரோ ஒருத்தரோட வாழ்க்கையை வாழ்ந்துக்கிட்டு இருக்கான்.

வாசல்விளக்கு:

என் வீட்டுக்காரர் படையில இருக்கார். எல்லாரும் சேர்றவங்க காரணத்தையே பேசறீங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களுக்கும் பெத்தவங்களுக்கும் அந்தக் காரணம் தெரிஞ்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன். ஏன்னா அதைச் சுமக்கறது நாங்களும்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா தனியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறதும், மாற்றல் வந்ததும் பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கறதும், நாலு நாள் போன் வரலைன்னா செய்தியைப் போடாம இருக்கறதும் நாங்கதான்.

அவர் என்கிட்ட ஆரம்பத்துலயே சொன்னார்: "எனக்கு இந்த வேலையில இருக்கும்போதுதான் நான் நானா இருக்கேன்னு தோணுது." அது எனக்குப் பிடிச்ச பதில் இல்லை. ஆனா அது உண்மைன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சுது. உண்மை தெரிஞ்சதால கஷ்டம் வர்றப்ப கோபப்படறேன், ஏமாந்துட்டேன்னு அழறதில்லை.

தம்பி, அம்மாகிட்ட நாடு, நிலையான வேலைன்னு சொல்லாதீங்க. இங்க எங்ககிட்டச் சொன்னதை அப்படியே அவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்க கேக்கறது அதைத்தான்.

கையெழுத்திடாதவன்:

நான் எல்லாத் தேர்விலும் தேறி, கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் திரும்பி வந்தவன். உடற்பயிற்சி எனக்குப் பிடிக்கும், கட்டுப்பாடு பிடிக்கும், சாகசம் பிடிக்கும். மலையேற்றம், பாராசூட் என்று கனவு கண்டுகொண்டுதான் போனேன். ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான். கட்டளை வந்தால் ஒரு மனிதனைச் சுடுவேனா? யாரை, எப்போது, எதற்காக என்பதை நான் தீர்மானிக்க மாட்டேன், வேறு யாரோ தீர்மானிப்பார். இதற்கு என்னால் "ஆம்" சொல்ல முடியவில்லை.

இந்த இழையில் இதுவரை சம்பளம், தொழில், நட்பு, அப்பா எல்லாம் வந்துவிட்டது. கொல்வதும் கொல்லப்படுவதும் வரவில்லை. அதைப் பேசாமல் இந்த முடிவை யாரும் எடுக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். நாட்டுப்பற்று இருந்தாலும் இந்தக் கேள்வி போய்விடாது. பாட் டில்மன் பெயர்பெற்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, கோடிகள் பெறும் ஒப்பந்தத்தை உதறிவிட்டு 2002-ல் தம்பியுடன் ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு மோதி இறந்தார் என்று முதலில் அறிவித்தார்கள். சொந்தப் படையினரின் குண்டுதான் அது என்ற உண்மை, நினைவுக் கூட்டமெல்லாம் நடந்து முடிந்து வாரக்கணக்கான பிறகே குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. நீ எவ்வளவு தூய்மையான காரணத்தோடு போனாலும், அந்தத் தூய்மைக்கு மறுபக்கத்தில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

பழைய பூட்ஸ்:

// கொல்வதும் கொல்லப்படுவதும் வரவில்லை //

நல்லவேளை சொன்னீங்க. நான் சொல்லியிருந்தா பயமுறுத்தற மாதிரி இருந்திருக்கும். பயிற்சியில இதை யாரும் உட்கார வச்சுப் பேச மாட்டாங்க. குறிபார்க்கச் சொல்லிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான். திரும்பி வந்தது பெரிய முடிவு. உள்ளே வந்து தவிச்சவங்களை நான் பார்த்திருக்கேன்.

முதலுதவிப்பை:

நான் படையில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். கையெழுத்திடாதவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறொரு பதில் இருந்தது: நான் காப்பாற்றும் வேலையை எடுத்துக்கொள்கிறேன். டெஸ்மண்ட் டாஸ் என்ற அமெரிக்கர், மத நம்பிக்கையால் ஆயுதத்தைத் தொட மறுத்தவர். கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்ததால் படைக்குப் போகாமலே இருந்திருக்கலாம், ஆனால் போனார். 1945-ல் ஒகினாவாவில் ஒரு செங்குத்துப் பாறை உச்சியிலிருந்து, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். துப்பாக்கி வேண்டாம் என்றதற்காகப் பயிற்சிக் காலத்தில் அவரைப் படாத பாடு படுத்தியவர்களில் சிலரும் அவர் கையால் உயிர் பிழைத்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. மருத்துவ அறையில் இளைஞர்கள் நிறையப் பேசுவார்கள். கால் சுளுக்கு என்று வருவார்கள், பேச்சு வீட்டுக்குப் போகும். குடிகாரத் தகப்பன், அடி, பிரிந்துபோன பெற்றோர். தப்பித்து ஓடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை, ஆனால் குறைவே இல்லை. 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. கட்டாய சேவை முடிந்த பிறகு விரும்பிச் சேர்ந்த ஆண்களிடம், படைக்கே போகாத ஆண்களைவிடச் சிறு வயதுத் துன்ப அனுபவங்கள் அதிகமாக இருந்தன.

இவர்களில் பலருக்குப் படை நிஜமாகவே நல்லது செய்தது. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த வாழ்க்கை அவர்களுக்கு முதல் முறையாகக் கிடைத்தது. தவறு செய்தால் தண்டனை உண்டு, ஆனால் எதற்கு என்பது தெரியும். வீட்டில் அதுகூடத் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் காயம் சீருடை போட்டதால் ஆறுவதில்லை. ஒழுங்கான அன்றாடம் அதை மூடி வைக்கும். வெளியே வரும் நாளில் அது அப்படியே காத்திருக்கும். விடியல்தேடி, நீங்கள் ஓடி வருகிறீர்களா, போய்ச் சேர்கிறீர்களா? இரண்டும் கலந்திருக்கலாம், தவறில்லை. ஓடி வருவது மட்டும்தான் என்றால், சேர்வதற்கு முன் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

மலைக்காற்று:

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி. நான் சிக்னல்ஸ், அதாவது படையோட தகவல் தொடர்புப் பிரிவு.

எனக்குப் பல காரணம், ஆனா அடியில இருந்தது ஒண்ணு. நான் பேசறதை யாராவது முழுசாக் கேக்கணும். வெளியே ஒரு கூட்டத்துல நான் ஒரு யோசனை சொன்னா காத்துல போயிடும், அதையே பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. இங்க தோள்ல இருக்கற பட்டைக்கு ஒரு மதிப்பு எழுத்துலயே இருக்கு. ஒரே பதவின்னா ஒரே சம்பளம். முதல் நாள் சில முகங்கள் சுளிச்சது உண்மை. லைன் அறுந்த ராத்திரியில தொடர்பை மறுபடி கொண்டுவந்தப்புறம் அந்த முகங்கள் மாறிச்சு. முழுசா மாறலை, போதுமான அளவுக்கு மாறிச்சு.

இந்தக் கதவுகள் தானாத் திறக்கலை. இந்தியத் தரைப்படையில மருத்துவம் தவிர்த்த பிரிவுகளுக்குப் பெண் அதிகாரிகளை எடுக்க ஆரம்பிச்சதே 1992-லதான். நிரந்தரப் பணிக்காக அவங்க நீதிமன்றத்துக்குப் போய், 2020 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத்துத் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. நார்வே 2015-லிருந்து ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி சேவைக்கு அழைக்குது. எனக்குப் பின்னாடி வர்றவளுக்கு இந்தச் சண்டை கொஞ்சம் குறைவா இருக்கணும்ங்கறதும் இப்ப என் காரணங்கள்ல ஒண்ணாயிடுச்சு. சேரும்போது அது இல்லை.

விடியல்தேடி:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். முதலுதவிப்பை கேட்டதுக்குப் பதில்: எங்க வீட்டுல அடி, குடி எதுவும் இல்லை. நான் ஓடலை. தேங்கிப்போயிருக்கேன், அதுதான் என் பிரச்சினை.

கையெழுத்திடாதவன் அண்ணா கேட்டதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை. நேத்து ராத்திரி தூக்கம் வரலை. பழைய பூட்ஸ் ஐயா, ஒழுங்கும் பிடிமானமும் வேணும்னு வந்தவங்க கடைசியில என்ன ஆனாங்க?

பழைய பூட்ஸ்:

சில பேர் ரொம்ப நல்லா வந்தாங்க. சில பேர், கட்டளை இருக்கறவரைக்கும் ஒழுங்கா இருந்துட்டு, லீவுல வீட்டுக்குப் போனா பழையபடி பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருப்பாங்க. இதைத்தான் நான் வந்து சொல்றேன்னேன்.

காரணங்களை நான் ரெண்டாப் பிரிப்பேன். ராணுவம் கையெழுத்துப் போட்டுத் தரக்கூடியது ஒரு வகை: சம்பளம், தொழில், படிப்புச் செலவு, ஓய்வூதியம், சில நாடுகள்ல குடியுரிமை. 1831-ல ஆரம்பிச்ச பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில முதல் ஒப்பந்தமே ஐந்து வருஷம். மூணு வருஷம் முடிஞ்சா பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதுக்குன்னு போறவன் என்ன கிடைக்கும்னு தெரிஞ்சு போறான். யாராலயும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாதது இன்னொரு வகை: தைரியம், அப்பாவோட மதிப்பு, நான் யாருங்கற தெளிவு, நீ கேக்கற பிடிமானம். அது கிடைக்கலாம், நான் நிறையப் பேருக்குக் கிடைச்சுப் பார்த்திருக்கேன். ஆனா கிடைக்கலைன்னா கேக்க இடமில்லை. ரெண்டாவது வகைக் காரணம் மட்டும் வச்சுக்கிட்டு வராதே. முதல் வகையிலயும் ஒண்ணு கையில இருக்கட்டும்.

அப்புறம் எத்தனை வருஷம்னு தெளிவாப் பார். இந்தியாவுல 2022-ல வந்த அக்னிபத் திட்டத்துல நாலு வருஷம், அதுக்கப்புறம் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் தொடர முடியும். அமெரிக்காவுல களத்துல சில வருஷம்தான்னாலும் தேவைன்னா திரும்பக் கூப்பிடற ரிசர்வ் காலத்தையும் சேர்த்து மொத்தக் கடமை எட்டு வருஷம். நிலையான வேலைன்னு அம்மாகிட்டச் சொல்றதுக்கு முன்னாடி, நீ கையெழுத்துப் போடப்போற தாள்ல அந்த நிலை எத்தனை வருஷத்துக்குன்னு எழுதியிருக்குன்னு படிச்சுட்டுச் சொல்லு.

எதிர்க்காற்று:

இதை நான் முழுசா ஏத்துக்கறேன் ஐயா. ஆள் எடுக்கற விளம்பரத்துல எப்பவும் ரெண்டாவது வகையைத்தான் காட்டறாங்க. மலை, ஹெலிகாப்டர், நிமிர்ந்த முகம். ஒப்பந்தத்துல முதல் வகைதான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பத்தொன்பது வயசுப் பையன்கிட்ட யாராவது விளக்கிச் சொல்லணும். அதைச் செய்யாத வரைக்கும் என் கோபம் போகாது.

வரலாற்றுப்பித்தன்:

இதே வேறுபாட்டைத்தான் சார்லஸ் மோஸ்கோஸ் என்ற சமூகவியலாளர் 1977-ல் எழுதினார். ராணுவ சேவை ஓர் அர்ப்பணிப்பு என்ற நிலையிலிருந்து மாறி, மற்ற வேலைகளைப் போல ஒரு வேலையாகிக்கொண்டிருக்கிறது என்றார். நான் பழகிய வீரர்கள் எல்லாரிடமும் இரண்டும் சேர்ந்தே இருந்தன. காலையில் வேலையாக இருப்பது, தோழனுக்கு ஆபத்து என்றால் அந்த நிமிடமே அர்ப்பணிப்பாகிவிடும். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல் என்று விடியல்தேடியை யாரும் நெருக்க வேண்டியதில்லை.

விடியல்தேடி:

அம்மாகிட்டப் பேசிட்டேன். வாசல்விளக்கு அக்கா சொன்ன மாதிரி, தேங்கிப்போயிருக்கேன்ங்கறதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி கேட்டிருப்பேனே"ன்னாங்க. சம்மதம்னு இன்னும் சொல்லலை. ஆனா ஒப்பந்தத் தாளை வாங்கிட்டு வா, சேர்ந்து படிக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

நான் முடிவு பண்ணினது இது. மெடிக்கலுக்குப் போறேன். காலாட்படை வேண்டாம், சிக்னல்ஸ் அல்லது மருத்துவப் பிரிவு கேக்கப்போறேன். எழுத்துல தர முடியாதுன்னா இந்தத் தடவை கையெழுத்துப் போட மாட்டேன், அடுத்த ஆள் எடுப்புக்குப் பார்க்கலாம். மருத்துவப் பிரிவு ஆளும் துப்பாக்கி எடுக்க வேண்டி வருமான்னு முதலுதவிப்பை அண்ணாகிட்டக் கேக்கணும்.

முதலுதவிப்பை:

பெரும்பாலான படைகளில் தற்காப்புக்கும், நம் பொறுப்பில் இருக்கும் காயம்பட்டவர்களைக் காக்கவும் சிறு ஆயுதம் கொடுப்பார்கள். ஜெனீவா உடன்படிக்கை அந்த அளவுக்கு அனுமதிக்கிறது. தாக்குதலுக்கு அதைப் பயன்படுத்தினால் மருத்துவப் பிரிவுக்கான பாதுகாப்பு போய்விடும். அடிப்படைப் பயிற்சியில் சுடக் கற்றுத்தான் ஆக வேண்டும். அதனால் கையெழுத்திடாதவன் கேட்ட கேள்வி சிறியதாகும், இல்லாமல் போகாது. அதற்கான பதிலோடு மெடிக்கலுக்குப் போங்கள். பாடத்திட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தனிமடல் போடுங்கள், விவரமாக எழுதுகிறேன்.

பழைய பூட்ஸ்:

மெடிக்கலுக்கு முன்னாடி கண்ணையும் காதையும் வெளியே ஒரு தடவை சோதிச்சுக்கோ தம்பி. காதுல அழுக்கு அடைச்சிருந்தாலே அன்னிக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. சிக்னல்ஸ் கேக்கறேன்னா நிறப்பார்வையையும் சோதிச்சுடு.